பார்த்துப் போ: பக்கத்து மலைகளின் இலக்கியம் குறித்து

நம் புலம்பெயர் எழுத்தில் பனி பெய்யாத பக்கங்கள் குறைவு. ஆனால் நான் வாசித்த வரையில் அந்தப் பனி எப்போதும் ஜன்னலுக்கு வெளியேதான் பெய்கிறது. கதைசொல்லி உள்ளே இருப்பார், கையில் தேநீர் இருக்கும், வெளியே வெள்ளையாக ஏதோ விழும், ஊர் நினைவு வரும். 1994இல் இந்திரா பார்த்தசாரதியும் எஸ்.பொ.வும் தொகுத்த புலம்பெயர்ந்தோர் சிறுகதைகளுக்குப் ‘பனியும் பனையும்’ என்று பெயர். நல்ல பெயர். ஆனால் நாளடைவில் அந்தப் பெயரின் எதிரிணையே நமக்கு ஒரு வாய்பாடாகிவிட்டது. பனை என்றால் இழந்தது, பனி என்றால் தலையில் விழுந்தது. முதல் தலைமுறைக்கு அது முழுக்க நியாயமான வாய்பாடு. அகதி விண்ணப்பத்துக்கும் இரவுப் பணிக்கும் நடுவே பனியை வேறெப்படிப் பார்த்திருக்க முடியும்?

என் கேள்வி அதற்குப் பிந்தியது. பனி நம் எழுத்தில் இன்னும் வானிலையாகவே இருக்கிறது, நிலமாக ஆகவில்லை. ஒஸ்லோவிலும் பேர்னிலும் வான்கூவரிலும் சியாட்டிலிலும் வளர்ந்த நம் பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் அந்தப் பனியின் மீது ஏறிப் போகிறார்கள். அவர்கள் போகும் இடம் பற்றி நம் மொழியில் ஒரு வரி இல்லை. பத்திரிகைகளில் மலை வந்தால் அது எவரெஸ்டாக இருக்கும். ‘சிகரம் தொட்ட தமிழர்’ என்று தலைப்பிருக்கும். தூரத்து மலைக்குச் செய்தி உண்டு. பக்கத்து மலைக்கு எதுவும் இல்லை.

முதுகலை படிக்க வந்து, கணினித் துறையில் ஆலோசகனாகி, இருபது வருடமாக நான் சியாட்டில் பக்கம் இருக்கிறேன். வீட்டிலிருந்து கிழக்கே ஐ-90 நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் ஸ்னோக்வால்மி கணவாய். உயரம் 3,022 அடி, ஊட்டியின் உயரத்தில் பாதிகூட இல்லை. ஆனால் பசிபிக் கடலின் ஈரம் முழுக்கக் கேஸ்கேட் மலைத்தொடரில் மோதிக் கொட்டுவதால் குளிர்காலத்தில் ஆள் உயரத்துக்கு மேல் பனி நிற்கும். இதே தொடரின் வடக்கே மவுண்ட் பேக்கர் சறுக்குத் தளத்தில் 1998–99 பருவத்தில் 1,140 அங்குலம் விழுந்தது. ஒரு பருவத்துக்கான உலக சாதனை அது. நாங்கள் போவது லிஃப்ட் இல்லாத சரிவுகளுக்கு. ஸ்கீ பலகையின் அடியில் ‘ஸ்கின்’ என்கிற பட்டையை ஒட்டிக்கொண்டால் பலகை முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது. மூன்று மணி நேரம் ஏறி, பட்டையை உரித்து மடித்து வைத்து, பத்து நிமிடத்தில் இறங்கிவிடுவோம். பேக்கன்ட்ரி ஸ்கீயிங் என்பது பெரும்பாலும் ஏறுவதுதான்.

என் மகளுக்குப் பதினேழு வயது. அவள் இப்போது தன் சிநேகிதிகளோடு தனியாகப் போகிறாள். வாசலில் நின்று நான் சொல்வது, என் அம்மா எனக்குச் சொன்னது: “பார்த்துப் போம்மா.” ஒருநாள் அவள் பூட்ஸை மாட்டிக்கொண்டே கேட்டாள்: “எதைப் பார்க்கணும்ப்பா?” கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே எதை என்று கேட்டாள். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியை இலக்கியக் கேள்வியாக எடுத்துக்கொள்ளும் முயற்சி. ஒரு மலையில் எதைப் பார்க்க வேண்டும் என்று எந்த எழுத்து சொல்கிறது? எப்படிச் சொல்கிறது?

*

ஆங்கிலத்தில் மலை இலக்கியம் என்றால் உடனே நினைவுக்கு வருவது படையெடுப்பின் இலக்கியம். முகாம், பிராணவாயு, உறைந்த விரல்கள், கடைசியில் கொடி. மோரிஸ் ஹெர்ஸாக்கின் ‘அன்னபூர்ணா’ அதன் தலைமகன். இந்த வகையின் இலக்கணப்படி மலை ஒரே ஒருமுறை ஏறப்படுகிறது. பிறகு அது கதையாகிறது. பக்கத்து மலைக்கு இந்த இலக்கணம் பொருந்தாது. பக்கத்து மலைக்கு நாம் திரும்பத் திரும்பப் போகிறோம். அதன் இலக்கியம் வேறிடத்தில், யாரும் இலக்கியம் என்று மதிக்காத ஒரு வகையில் இருக்கிறது: வழிகாட்டி நூல்.

எங்கள் பகுதியின் வழிகாட்டி நூல் ஃப்ரெட் பெக்கி எழுதிய ‘கேஸ்கேட் ஆல்பைன் கைடு’. மூன்று தொகுதிகள், முதல் தொகுதி 1973இல் வந்தது. பெக்கியும் ஒரு புலம்பெயர்ந்த பிள்ளை. 1923இல் ஜெர்மனியில் பிறந்து, சிறு குழந்தையாகச் சியாட்டிலுக்கு வந்தவர். 1942இல், பத்தொன்பது வயதில், தம்பி ஹெல்மியுடன் கனடாவின் வாடிங்டன் சிகரத்தில் ஏறினார். அந்தச் சிகரம் ஏறப்பட்டது அது இரண்டாவது முறை. வட அமெரிக்காவில் அவரளவுக்குப் புதுப் பாதைகள் திறந்தவர் வேறு யாரும் இல்லை என்பார்கள். 1963இல் எவரெஸ்டுக்குப் போன அமெரிக்கக் குழுவில் அவருக்கு இடமில்லை. 2017இல், 94 வயதில், சியாட்டிலிலேயே காலமானார்.

இந்த நூலை இலக்கியமாக வாசிப்பது எளிதல்ல. எழுவாய் இல்லாத ஏவல் வாக்கியங்கள். பிளவு வரை ஏறு, இடப்பக்கம் திரும்பு, விளிம்பில் நட. வியப்பில்லை, அச்சமில்லை, அழகில்லை. ஆனால் தொடர்ந்து வாசிக்கும்போது ஒன்று தெரியவரும். ஒவ்வொரு மலைக்கும் முன்னால் பாறை எப்படி உருவானது, சுரங்கக்காரர்கள் எந்தப் பக்கம் வந்தார்கள், பெயர் யார் வைத்தது, பழங்குடிகள் என்ன சொல்லி அழைத்தார்கள் என்று அவர் தேடித் தொகுத்திருக்கிறார். ‘அழகானது’ என்று ஒரு மலையைச் சொல்லாத மனிதர் அதற்காக எத்தனையோ நாட்களை ஆவணக் காப்பகங்களில் கழித்திருக்கிறார். பற்று என்பதை உரிச்சொல் இல்லாமலும் எழுதலாம் என்பதற்கு இது சான்று.

என் தொழிலில் நானும் இப்படி எழுதுகிறவன்தான். நள்ளிரவில் கணினி அமைப்பு விழுந்தால், நான் இல்லாத இடத்தில், எனக்குத் தெரியாத ஒருவர் என் குறிப்பைப் பார்த்து அதை எழுப்ப வேண்டும். அந்தக் குறிப்பில் நான் என்ன உணர்ந்தேன் என்பதற்கு இடமில்லை. அவர் எங்கே தடுமாறுவார் என்பதற்குத்தான் இடம். வழிகாட்டி நூலின் அறமும் அதுவே. அதன் நாயகன் எழுதியவன் அல்லன், இனிமேல் வரப்போகிறவன்.

பெக்கியின் குறையையும் சொல்லவேண்டும். அவர் ஒரு வரியில் கடந்துவிடும் இடத்தில் நமக்குப் புதருக்குள் அரைநாள் போகும். அதைவிடப் பெரிய குறை, அந்த மலைகளில் இப்போது யாரும் இல்லை. பழங்குடிகளும் சுரங்கக்காரர்களும் முன்வரலாற்றோடு நின்றுவிடுகிறார்கள். பாதை தொடங்கியதும் பாறையும் பனியும் மட்டுமே. வழியில் யாரும் எதிர்ப்படுவதில்லை, யாரும் சோறு போடுவதில்லை.

*

சோறு போடும் வழிகாட்டி நூல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. பத்துப்பாட்டில் பத்தாவதான மலைபடுகடாம்.

பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள். இதற்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயர். நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வறுமையோடு வரும் இன்னொரு கூத்தனுக்கு வழி சொல்கிறான். பள்ளியில் நமக்கு இதைப் புரவலன் புகழாகவும் இசைக்கருவிப் பட்டியலாகவும் சொல்லிக் கொடுத்தார்கள். மலையேறத் தொடங்கிய பிறகு வாசித்தபோது என்னை நிறுத்தியது வேறொன்று. இதில் ஆபத்துகள் இடம்வாரியாக, நேரம்வாரியாக, செய்யவேண்டியது இன்னதென்ற குறிப்போடு சொல்லப்படுகின்றன.

பன்றிகளுக்காகக் கல்பொறி வைத்திருக்கும் வழிகளை இருட்டில் கடக்காதீர்கள், விடிந்தபின் போங்கள். தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்டக் கவணில் கல்லெறிவார்கள். மரங்களின் மறைவில் போங்கள். நீரோட்டத்தின் பக்கம் பாசி காலை வழுக்கும். கரையிலுள்ள சிறுமூங்கிலையும் கோரையையும் பற்றிக்கொண்டு கடந்துவிடுங்கள். குறவர்களே திகைக்கும் குன்றில் வழி தப்பிவிட்டால் அலையாதீர்கள். அகன்ற பாறையில் ஒன்றாகக் கூடி உங்கள் வாத்தியங்களை வாசியுங்கள், சத்தம் கேட்டுக் கானவர்கள் வந்து சேர்வார்கள்.

இந்தக் கடைசி அறிவுரையை நான் இன்னோரிடத்திலும் கேட்டிருக்கிறேன். வழி தப்பினால் நகராதே, கூட்டமாக இரு, சத்தம் எழுப்பு என்பதுதான் இன்று எங்கள் ஊர் மீட்புக் குழுக்கள் சொல்லித் தருவதும். அவர்கள் விசிலை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பெருங்கௌசிகனார் முழவையும் யாழையும் சொல்கிறார்.

இது இழுத்துப் பொருத்துவது என்று ஒரு தமிழாசிரியர் சொல்லக்கூடும். கூத்தர்கள் மலையேற்றக்காரர்கள் அல்லர், பசிக்காகப் போகிறவர்கள். நாங்கள் வயிறு நிறைந்து, விடுமுறை நாளில், விலை உயர்ந்த பலகைகளோடு போகிறோம். இந்த வேறுபாட்டை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. நான் ஒப்பிடுவது பயணிகளை அல்ல, வாக்கியங்களை. ஆற்றுப்படையின் இலக்கணம் ஏவலும் எதிர்காலமும் நிபந்தனையும்: இப்படியானால், இப்படிச் செய்யுங்கள். சொல்பவன் ஏற்கெனவே நடந்தவன். கேட்பவன் இனி நடக்கப்போகிறவன். கவிதை இருவருக்கும் நடுவே நிற்கிறது. பெக்கியின் இலக்கணமும் இதுதான். ஆனால் பெக்கியிடம் இல்லாத ஒன்று பெருங்கௌசிகனாரிடம் இருக்கிறது: அவருடைய மலையில் ஆட்கள் வாழ்கிறார்கள். ஆபத்தும் அவர்களால், விருந்தும் அவர்களால். கவண்கல்லை எறிகிறவனும் வழிகாட்டுகிறவனும் ஒரே குடி. நூல் முழுக்க மலை ஓசைகளால் நிரம்பியிருப்பதும் அதனால்தான். அதன் பெயரே அந்த ஓசைகளிலிருந்து வந்தது.

இன்னொரு இடம். பாதைகள் பிரியும் கவலையில், பின்னால் வருகிறவர்களுக்காகச் சந்தியைத் துடைத்துப் புல்லை முடிந்து வையுங்கள் என்கிறது கவிதை. அங்கே அந்தப் பயணிகளைச் சுட்டும்போது அது பயன்படுத்தும் சொல் ‘புலம்பெயர்’. முன்பு அறியாத நிலத்துக்குப் பெயர்ந்துவந்த புதியவர்கள் என்ற பொருளில். நாம் நமக்கு வைத்துக்கொண்ட பெயர், ஒரு மலைப்பாதைச் சந்தியில், அடையாளம் விட்டுப் போகச் சொல்லும் கட்டளைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நம் புலம்பெயர் விமர்சனத்தில் இந்தச் சொல்லுக்கு இழப்பின் பொருளை மட்டும் கொடுத்துவந்திருக்கிறோம்.

*

இனி ஒரு நவீனப் பிரதி. 2012 பிப்ரவரி 19 அன்று, ஸ்டீவன்ஸ் கணவாய் சறுக்குத் தளத்துக்கு வெளியே டனல் க்ரீக் சரிவில் பனிச்சரிவு நேர்ந்து மூன்று பேர் இறந்தார்கள். அதைப் பற்றி ஜான் பிராஞ்ச் எழுதிய ‘ஸ்னோ ஃபால்’ அந்த ஆண்டு டிசம்பரில் நியூயார்க் டைம்ஸில் வந்தது. 2013இல் புலிட்சர் பரிசு பெற்றது. நகரும் வரைபடங்களும் காணொளிகளும் எழுத்தோடு கலந்து வந்ததால் இதழியல் வகுப்புகளில் இன்றும் பேசப்படுகிறது.

தொழில்நுட்பம் ஒருபுறம் இருக்கட்டும். எழுத்தாக அதன் பலம், மௌனத்தைக் கண்டுபிடித்தது. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் அனுபவசாலிகள். பலருக்கும் அன்று காலையில் ஏதோ சரியில்லை என்று தோன்றியிருக்கிறது. யாரும் அதை உரக்கச் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டார்கள். பிராஞ்ச் யாரையும் குற்றம் சாட்டாமல், ஒவ்வொருவரின் தயக்கத்தையும் தனித்தனியாக எடுத்து அடுக்குகிறார். அந்த அடுக்குதான் நம்மை உலுக்குகிறது.

அதன் பலவீனம் அதன் வடிவத்திலேயே இருக்கிறது. முடிவு தெரிந்தபின் தொடக்கம் எழுதப்படுகிறது. அதனால் ஒரு சிரிப்பும் ஒரு கோப்பைக் காப்பியும்கூட முன்னறிகுறியாகிவிடுகின்றன. வாசகர் ‘போகாதே’ என்று மனத்துக்குள் கத்துகிறார். கத்த முடிவது அவருக்கு முடிவு தெரியும் என்பதால்தான். மலையில் நிற்கிறவருக்கு அந்த வசதி இல்லை. அவருக்கு முன்னால் இருப்பது ஒரு அழகான காலை. துயரக்கதை நம்மைக் கண்ணீர் விட வைக்கிறது. அடுத்த சனிக்கிழமைக்கு அது தரும் உதவி குறைவு.

ஆனால் ‘ஸ்னோ ஃபால்’ வழியே பக்கத்து மலையின் மையச் சிக்கலுக்கு வந்துவிடலாம். டனல் க்ரீக் யாரும் அறியாத இடமல்ல. உள்ளூர்க்காரர்களுக்கு நன்கு தெரிந்த இறக்கம். இயன் மெக்காமன் 2004இல் பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து, மனித மனம் விழும் பொறிகளைப் பட்டியலிட்டார். அதில் முதலாவது பழக்கம். தெரிந்த சரிவில் நாம் குறைவாகக் கவனிக்கிறோம். நேற்றுவரை சரியாமல் இருந்தது, இன்றைக்கும் சரியாது என்று நம்புகிறோம். பன்றிக்கு வைத்த பொறியைப் போலத்தான் இதுவும். வழக்கமான வழியில்தான் வைக்கப்படுகிறது. பக்கத்து மலை பாதுகாப்பானது என்பது பக்கத்து மலை சொல்லும் பொய்.

*

இந்தப் பொய்யை நாள்தோறும் மறுக்கிற ஓர் எழுத்து உண்டு. வடமேற்குப் பனிச்சரிவு மையம் குளிர்காலத்தில் தினமும் வெளியிடும் முன்னறிவிப்பு. மறுநாள் காலாவதியாகிவிடும் இலக்கியம். எந்தத் திசை நோக்கிய சரிவு, எந்த உயரம், புயல்பனியா, காற்று அடித்துச் சேர்த்த பாளமா, அடியில் பலவீனமான அடுக்கு இருக்கிறதா என்று பிரித்துச் சொல்லும். கெட்டியான பாளம் ஒன்று வலுவில்லாத அடுக்கின் மீது, பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சாய்வில், காத்திருக்கிறது. நம் எடை அதற்குப் போதும். இறப்பவர்களில் மிகப் பெரும்பாலோரின் விஷயத்தில் பாளத்தை உடைத்தது அவர்களோ அவர்களுடைய குழுவினரோதான்.

ஆபத்துக்கு ஐந்து நிலைகள். நடுவில் இருக்கும் மூன்றாம் நிலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் தமிழில் ‘கணிசம்’ எனலாம். மோசமான சொல்தேர்வு என்பது என் கருத்து. ஐந்தில் மூன்று என்றால் பாதிதானே என்று மனம் கணக்குப் போடும். ஐந்தாம் நிலையில் யாரும் போவதில்லை. உயிர்கள் போவது நடுநிலை நாட்களில். என் மகளிடம் நான் ‘கணிசம்’ என்று சொல்வதில்லை. ‘இன்று மலை பதில் பேசும்’ என்கிறேன். அவளுக்குப் புரிகிறது.

சொற்களின் சிக்கல் இதோடு நிற்கவில்லை. தமிழில் பனி என்றால் புல் நுனித் துளியும் அதுதான், மார்கழி மூடலும் அதுதான், வானிலிருந்து விழும் வெண்துகளும் அதுதான். ஆறு பருவத்தில் இரண்டுக்குப் பனியின் பெயர் வைத்த மொழி நம்முடையது. ஆனால் அது கண்ட பனி வேறு. எங்கள் மலையில் விழும் ஈரமான கனத்த பனியை இங்கே ‘கேஸ்கேட் கான்கிரீட்’ என்கிறார்கள். எங்கள் வீட்டில் அது ‘இட்லிமாவு’. வெயிலில் உருகி இரவில் உறைந்து மேலே மட்டும் கெட்டிப்பட்டது ‘அப்பளம்’. வசந்தகாலக் காலையில் மணிமணியாக நிற்பது ‘ரவை’. இவை நாங்கள் விளையாட்டாக வைத்தவை, அகராதிக்கு அனுப்பும் எண்ணமில்லை. ஆனால் காலடியில் அப்பளம் நொறுங்கி அடியில் மாவு தட்டுப்பட்டால் திரும்ப வேண்டும் என்பது இந்தச் சொற்களில் அவளுக்குத் தெரியும்.

பெயர்கள் எவ்வளவு தூரம் பயணிக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வானம் தெளிந்த நாளில் சியாட்டிலிலிருந்து தெரியும் 14,410 அடி எரிமலைக்கு ரெய்னியர் என்று பெயர். ஜார்ஜ் வான்கூவர் 1792இல் தன் நண்பர் பீட்டர் ரெய்னியரின் பெயரை வைத்தார். ரெய்னியர் இந்த மலையைப் பார்த்ததே இல்லை. மூன்றாண்டு கழித்து, 1795 ஆகஸ்டில், டச்சுக்காரரிடமிருந்து திருகோணமலையைப் பிரிட்டிஷார் கைப்பற்றியபோது கடற்படைக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். சியாட்டிலில் திருகோணமலைக்காரர்கள் இருக்கிறார்கள். தங்கள் துறைமுகத்தை எடுத்தவரின் பெயரை வாகன எண்பலகையில் உள்ள மலைக்கும் சேர்த்துச் சொல்லி வாழ்கிறார்கள். மலைக்குச் சொந்தக்காரர்கள் அதை டஹோமா என்றார்கள். இந்த நிலம் நமக்கு அந்நியம் என்று எழுதும் முன் இவ்வளவு நெருக்கமான சங்கிலிகளையாவது நாம் பார்த்திருக்க வேண்டாமா?

குறிஞ்சியை நாம் ஒரு கல்வெட்டுப்போலப் பாதுகாக்கிறோம். அதன் முதற்பொருளும் கருப்பொருளும் நம் பிள்ளைகளுக்குத் தேர்வுக்குத் தெரியும். திணை என்பது குறிப்பிட்ட நிலத்தை, குறிப்பிட்ட பொழுதில், அங்கே வாழ்வனவற்றின் பெயரோடு கவனிக்கும் பயிற்சி என்று எடுத்துக்கொண்டால், அதற்கு மேற்குத்தொடர்ச்சி மலை மட்டும் போதாது. டக்ளஸ் ஃபர் மரமும் மார்மட்டும் பிப்ரவரி மாலையின் நீல வெளிச்சமும் கருப்பொருளாகும் தகுதி உள்ளவைதாம்.

எனவே இந்த இதழின் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களில் சிலர் லிங்கனில், சிலர் கிரின்டல்வால்டில், சிலர் கோஸ்ட் மலைத்தொடரில் சனிக்கிழமைகளைக் கழிக்கிறீர்கள். அல்லது உங்கள் பிள்ளைகள் கழிக்கிறார்கள். பனியின் வெண்மை பற்றி இன்னொரு கவிதை வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த ஒரு சரிவைப் பற்றி எழுதுங்கள். எந்த மாதம், எந்தத் திசை, எங்கே காற்று பாளம் சேர்க்கும், எந்தத் திருப்பத்தில் பாதை தவறும், அங்கே முன்பு யார் இருந்தார்கள், இப்போது யார் இருக்கிறார்கள், வழியில் நீங்கள் வைத்த பெயர்கள் என்ன. ஏவலில் எழுதுங்கள், எதிர்காலத்தில் எழுதுங்கள். வாசலில் நின்று ‘பார்த்துப் போ’ என்று சொல்லும் எல்லோருக்கும் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல அது உதவும்.